தூங்கப் போகும் முன் குளியல்: வெந்நீரா, பச்சைத் தண்ணீரா?

படுப்பதற்கு முன் வெந்நீரில் குளித்தால் தூக்கம் சொக்கும் என்கிறது ஒரு காணொளி. குளிர்ந்த நீர்தான் உடலைத் தணிக்கும் என்கிறது அடுத்தது. வீட்டுப் பெரியவர்களோ, பொழுது சாய்ந்தபின் குளித்தால் சளி பிடிக்கும் என்கிறார்கள். மூன்றையும் கேட்டவருக்குக் குழப்பம் வருவது இயல்பு.

குளித்து முடித்தபின் உடலின் சூடு தணிகிறதே, அந்தத் தணிவுதான் தூக்கத்தைக் கொண்டுவருகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எந்த ஊரில், எந்த மாதத்தில், எவ்வளவு சூட்டில், எத்தனை மணிக்குக் குளிக்கலாம் என்று அவரவரே கணக்குப் போட்டுவிடலாம்.

உடலின் வெப்பக் கணக்கு

மூளை, இதயம், கல்லீரல் ஆகியவை இருக்கும் உடலின் நடுப்பகுதி 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். இதை உள்வெப்பம் என்று வைத்துக்கொள்வோம். தோலின் வெப்பம் வேறு. அறையின் காற்று, உடுத்திய துணி, ரத்த ஓட்டம் ஆகியவற்றுக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். சாதாரணமாக 33, 34 டிகிரியில் இருக்கும்.

உள்வெப்பமும் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. மாலையில் உச்சத்தைத் தொடுகிறது. இரவில் மெல்ல இறங்கி, வழக்கமாக விழிக்கும் நேரத்துக்குச் சுமார் 2 மணி நேரம் முன்பு அடிமட்டத்துக்குப் போகிறது. உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ 1 டிகிரிதான் வித்தியாசம். இந்த இறக்கம் வேகம் பிடிக்கும் வேளையில்தான் கண் செருகுகிறது.

உள்வெப்பம் இறங்க வேண்டுமானால் உடல் தன் சூட்டை வெளியே விட வேண்டும். அதற்கான முக்கிய வாசல்கள் உள்ளங்கையும் உள்ளங்காலும். அங்கே தோலுக்கு அடியில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்குக் குழாய்கள் இருக்கின்றன. அவை திறந்தால் சூடான ரத்தம் தோலருகே பாய்ந்து, சூட்டைக் காற்றில் விட்டு, ஆறித் திரும்பும். மூடிக்கொண்டால் சூடு உள்ளேயே தங்கும். இருட்டத் தொடங்கியபின் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும்போது இந்த வாசல்களும் திறக்கின்றன. தூக்கம் வரும் குழந்தையின் உள்ளங்கையும் பாதமும் கதகதப்பாவதைக் கையில் வைத்திருப்பவர்கள் உணர்ந்திருப்பார்கள்.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் எவ்வளவு சீக்கிரம் தூங்குவார் என்பதைச் சொல்லும் நல்ல அடையாளம், கை கால்களின் தோல் நடுவுடலின் தோலைப் போலவே சூடாகிவிட்டதா என்பதுதான் என்று கண்டார்கள். பாதம் சூடானவருக்குத் தூக்கம் விரைவில் வந்தது.

வெந்நீர் எப்படி உடலைக் குளிர்விக்கிறது

கேட்பதற்கு முரணாகத் தோன்றும் இடம் இதுதான். வெந்நீர் பட்டதும் தோல் சூடாகிறது. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து, கை கால்களின் ரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. குளிக்கும்போது உள்வெப்பம் சற்று ஏறும். ஆனால் வெளியே வந்து துடைத்துக்கொண்டபின்னும் அந்தக் குழாய்கள் உடனே சுருங்குவதில்லை. திறந்த வாசல் வழியே சூடு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் உள்வெப்பம் வழக்கத்தைவிட வேகமாக இறங்குகிறது.

எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்த அன்று பகலில் தூக்கம் சொக்குவதும், அன்று பகலில் தூங்கக் கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பதும் நம் வீடுகளில் பழகிய காட்சி. எண்ணெய்க்குப் பெயர் கிடைத்தாலும், அந்தச் சொக்கலில் வெந்நீருக்கும் பெரும் பங்கு உண்டு.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாக ஆய்வாளர்கள், இதுபற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். அதில் கிடைத்த அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்:

1. நீரின் சூடு 40 முதல் 42.5 டிகிரி.
2. நேரம் குறைந்தது 10 நிமிடம்.
3. படுப்பதற்கு 1 முதல் 2 மணி நேரம் முன்பு.
4. பலன்: படுத்தபின் தூக்கம் பிடிக்கும் நேரம் சராசரியாகச் சுமார் 10 நிமிடம் குறைந்தது. தூக்கத்தின் தரமும் மேம்பட்டதாகப் பங்கேற்றவர்கள் சொன்னார்கள்.

10 நிமிடம் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அரை மணி நேரம் புரண்டு படுப்பவருக்கு அது மூன்றில் ஒரு பங்கு. மாத்திரை இல்லாமல் கிடைக்கும் பலன் என்பதால் அதை அலட்சியம் செய்ய வேண்டியதில்லை. விடிய விடிய விழித்திருப்பவரைக் குளியல் மட்டும் குணப்படுத்திவிடும் என்று எண்ணவும் கூடாது.

நம் ஊர் இரவுக்கு இது பொருந்துமா

இந்த வகை ஆய்வுகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில், வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில், தொட்டியில் அமிழ்ந்து குளிப்பவர்களிடம் நடந்தவை. ஜப்பானில் மாலையில் 40, 41 டிகிரி நீர் நிரம்பிய தொட்டியில் கழுத்துவரை உட்கார்வது பழைய வழக்கம். அவர்கள் எழுந்து போவது குளிர்ந்த அறைக்கு. மே மாதம் சென்னையிலோ திருச்சியிலோ நாம் எழுந்து போவது சுவரே அனலடிக்கும் அறைக்கு.

இந்த வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. தோல் 34 டிகிரி, அறை 24 டிகிரி என்றால் இடையில் 10 டிகிரி பள்ளம் இருக்கிறது. சூடு தானாக வழிந்தோடும். அறை 32 டிகிரி என்றால் பள்ளம் 2 டிகிரிதான். வாசல் திறந்திருந்தும் வெளியே போக இடமில்லை. வியர்வை காய்வது ஒன்றே வழி. கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வையும் எளிதில் காயாது. அங்கே 41 டிகிரி நீரில் குளித்துவிட்டு வந்தால் உடல் ஆற இடமின்றித் தத்தளிக்கும். குளித்த பலனும் போய், இன்னொரு முறை குளிக்கத் தோன்றும்.

ஆகவே நீரின் சூட்டைத் தீர்மானிப்பது, நீங்கள் படுக்கப்போகும் அறை. நடைமுறைக்கு இப்படிக் கொள்ளலாம்:

1. ஏசி அறை, மார்கழி தை மாதங்கள், ஊட்டி கொடைக்கானல் போன்ற மலையூர்கள்: வெந்நீர், 40 முதல் 41 டிகிரி.
2. மின்விசிறி போட்டால் இதமாக இருக்கும் அறை, மழைக்கால இரவுகள்: இளஞ்சூடு, 36 முதல் 38 டிகிரி. அல்லது கால் மட்டும் வெந்நீரில்.
3. விசிறி போட்டும் வியர்க்கும் அறை: சூடேற்றாத பச்சைத் தண்ணீர், 28 முதல் 32 டிகிரி.

மூன்றாவது வகைக்கு ஏன் ஐஸ் தண்ணீர் கூடாது என்பதையும் பார்த்துவிடலாம். மிகக் குளிர்ந்த நீர் பட்டால் தோலின் ரத்தக் குழாய்கள் சட்டெனச் சுருங்கும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். மூச்சு இழுத்துப் பிடிக்கும். உடல் விழித்துக்கொள்வதற்கான ஏற்பாடு இது. மேல்தோல் சில்லிட்டாலும் வாசல் மூடிவிட்டதால் உள்ளே உள்ள சூடு அங்கேயே சிக்கிக்கொள்கிறது. சிறிது நேரத்தில் முன்பு இருந்ததைவிடப் புழுக்கமாக உணர்வதற்குக் காரணம் இதுதான். 28, 30 டிகிரி நீர் தோலைவிடக் குளிர்ந்தது, ஆனால் அதிர்ச்சி தராதது. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பதால் இந்தச் சிறு வித்தியாசமே போதும்.

வாளிக் குளியலை வேலை செய்யவைப்பது

நம் வீடுகளில் பெரும்பாலும் தொட்டி கிடையாது, வாளியும் மக்கும்தான். மேலே ஊற்றிய நீர் நொடியில் வழிந்துவிடும், ஈரத்தோலில் காற்றுப் பட்டு உடனே குளிரும். மூன்று நிமிடத்தில் மளமளவென்று ஊற்றிக்கொண்டு வந்தால் தோலின் வாசல்கள் திறக்கவே அவகாசமில்லை. வாளியிலும் தொட்டியின் பலனில் ஒரு பங்கைப் பெற வழி இருக்கிறது.

தேவையானவை: 18 லிட்டர் வாளி, 1 லிட்டர் மக், கணுக்கால் முங்கும் அளவுக்கு அகலமான பிளாஸ்டிக் டப், வழுக்காத முக்காலி அல்லது ஸ்டூல், பெரிய துண்டு இரண்டு.

நீர் கலக்கும் கணக்கு, 18 லிட்டர் நீர் 41 டிகிரிக்கு வர:

1. குழாய் நீர் 28 டிகிரி, கொதிக்கும் நீர் சேர்ப்பதானால்: பச்சைத் தண்ணீர் 14.75 லிட்டர், கொதிநீர் 3.25 லிட்டர்.
2. குழாய் நீர் 28 டிகிரி, 60 டிகிரிக்கு வைத்த கீசர் நீர் சேர்ப்பதானால்: பச்சைத் தண்ணீர் 10.7 லிட்டர், கீசர் நீர் 7.3 லிட்டர். 15 லிட்டர் கீசர் ஒருமுறை சூடானால் இருவருக்குப் போதும்.
3. ஊட்டியில் குழாய் நீர் 15 டிகிரியில் இருக்கும் இரவென்றால்: பச்சைத் தண்ணீர் 12 லிட்டர், கொதிநீர் 6 லிட்டர். அந்த உயரத்தில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.
4. வாட்டர் ஹீட்டர் ராடு 1500 வாட் என்றால், 28 டிகிரியில் உள்ள 18 லிட்டர் நீர் 41-ஐத் தொட 11 நிமிடம் ஆகும். 1000 வாட் ராடுக்கு 16 நிமிடம். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், அளவுக்கு மீறிச் சூடாவது இங்கேதான்.

எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் கொதிநீரைச் சேர்க்க வேண்டும். கொதிநீர் முதலில் இருந்தால், தெரியாமல் கை வைப்பவருக்கும் ஓடிவரும் குழந்தைக்கும் ஆபத்து. கலந்தபின் மக்கால் அடிவரை கலக்குங்கள். சூடான நீர் மேலேயே மிதக்கும் என்பதால் மேல்நீரைத் தொட்டுப் பார்த்து ஏமாறக் கூடாது. நீரின் சூடு அளக்கும் சமையலறைத் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. 42, 43 டிகிரிக்குமேல் அது காட்டாது. எதுவும் இல்லையென்றால் முழங்கையை நீரில் 10 நொடி வையுங்கள். இதமாக இருக்க வேண்டும்; கையை எடுக்கத் தோன்றினால் இன்னும் ஆற வேண்டும்.

குளிக்கும் முறை:

1. டப்பில் 4 லிட்டர் வெந்நீர் ஊற்றி, முக்காலியில் உட்கார்ந்து இரு பாதங்களையும் அதில் வையுங்கள். வாசல் அங்கேதான் என்பதால் தொடக்கமும் அங்கே.
2. ஓரிரு நிமிடம் கழித்து முழங்கால், தொடை, கைகள், தோள், முதுகு என்ற வரிசையில் அரை நிமிடத்துக்கு ஒரு மக் வீதம் ஊற்றுங்கள். வாளியில் மிச்சமிருக்கும் 14 லிட்டர் ஏழு நிமிடம் வரும். வழியும் நீர் டப்பிலேயே விழுந்து பாதத்தை மூடியிருக்கும்.
3. வழிந்து விழும் நீர் ஆறிப்போயிருக்கும். ஆகவே நான்கு மக்குக்கு ஒரு மக்கை நேராக டப்பிலேயே ஊற்றுங்கள்.
4. சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் போதும். தினமும் வெந்நீரும் சோப்பும் உடல் முழுக்கப் பட்டால் தோலின் எண்ணெய்ப் பசை போய்விடும். வறண்ட தோலின் நமைச்சல் நடு இரவில்தான் தெரியும்.
5. சட்டென எழுந்துவிடாதீர்கள். விரிந்த குழாய்களில் ரத்தம் காலுக்கு இறங்கியிருக்கும், தலை சுற்றலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் உட்கார்ந்திருந்து எழுங்கள்.
6. ஈரம் போக ஒற்றித் துடைத்து, தோல் இன்னும் சற்று நெகிழ்ந்திருக்கும்போதே கை கால்களில் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ மெல்லிசாகத் தடவுங்கள். தளர்வான பருத்தித் துணி உடுத்துங்கள். ஏசிக்கு நேரே ஈரத்தோடு போய் நிற்க வேண்டாம். உடல் சிலிர்த்தால் வாசல்கள் மூடிக்கொள்ளும். மலையூரில் காலுறை போட்டுக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

வெட்டிவேர் முடிச்சு ஒன்றை வாளியில் போடலாம். மணம் மனத்துக்கு இதம். தினமும் அதே மணம் வந்தால் அது ஒரு பழக்கத்தின் அடையாளமாகவும் ஆகும். குளியல் நீரில் கரைக்க விற்கும் எப்சம் உப்பில் உள்ள மெக்னீசியம் தோல் வழியே ஊறித் தூக்கம் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கோடைக் குளியல்

கோடையில் மாடியிலுள்ள கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி பகல் முழுக்க வெயில் குடிக்கும். மாலை 7 மணிக்குக் குழாயைத் திறந்தால் வருவது தோலைவிடச் சூடான நீர். பச்சைத் தண்ணீரில் குளிப்பதாக எண்ணிக்கொண்டு வெந்நீரில் குளித்துவிட்டுப் புழுங்கும் அறைக்குள் போகிறோம். கோடை இரவில் குளித்தும் தூங்க முடியவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

வழி எளிது. அதிகாலை 6 மணிக்குத் தொட்டி நீர் இரவெல்லாம் ஆறியிருக்கும். அப்போதே இரண்டு வாளி பிடித்துக் குளியலறை நிழலில் மூடி வையுங்கள். வாய் அகன்ற மண்பானை இருந்தால் இன்னும் நல்லது. அதன் மேற்பரப்பில் கசியும் நீர் காய்ந்து உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கும். நடக்கப் பழகும் குழந்தை உள்ள வீட்டில் நிறைந்த வாளி உயிருக்கே ஆபத்தானது. அங்கே மூடி மட்டும் போதாது, குளியலறைக் கதவும் தாழிட்டிருக்க வேண்டும்.

கோடைக் குளியலில் உண்மையான வேலையைச் செய்வது குளித்தபின் தோலில் தங்கும் ஈரம். 1 கிராம் நீர் தோலில் ஆவியாகச் சுமார் 2.4 கிலோஜூல் வெப்பம் தேவை. அமைதியாகப் படுத்திருக்கும் உடல் நொடிக்குச் சுமார் 80 ஜூல் சூட்டை உண்டாக்குகிறது. 100 மில்லி நீர் ஆவியாக எடுக்கும் சூடு, உடல் ஏறக்குறைய 50 நிமிடத்தில் உண்டாக்கும் சூட்டுக்குச் சமம். அந்தச் சூட்டில் ஒரு பங்கு காற்றிலிருந்து வரும், மீதி உடலிலிருந்து. அதனால்:

1. அழுத்தித் துடைக்காமல் வழியும் நீரை மட்டும் ஒற்றி எடுங்கள்.
2. மெல்லிய பருத்தி உடையோடு விசிறிக்குக் கீழே 10 நிமிடம் உட்காருங்கள். விசிறி இல்லையென்றால் தோலை ஒட்டிய காற்று ஈரத்தால் நிறைந்துவிடும், ஆவியாவது நின்றுபோகும்.
3. கதவும் ஜன்னலும் அடைத்த அறையில் ஈரத்துணி தொங்கவிடாதீர்கள். மதுரை, வேலூர் போன்ற வறண்ட ஊர்களில் அது உதவலாம். கடலோரத்தில் இருக்கும் ஈரத்தோடு அதுவும் சேரும்.
4. இந்தக் குளியலுக்கு 1 மணி நேர இடைவெளி தேவையில்லை. உள்வெப்பம் ஏறவே இல்லை என்பதால், படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு குளித்தால் போதும்.

இரவு 2 மணிக்குப் புழுக்கத்தில் விழித்தவர் மறுபடி முழுக்கக் குளிக்க வேண்டாம். முன்கை, பாதம், கழுத்து, முகம் ஆகியவற்றை நனைத்துக்கொண்டு, விளக்கைப் பெரிதாகப் போடாமல் வந்து படுத்தாலே போதும்.

கால் மட்டும்

நீர் சிக்கனம் வேண்டிய வீடு, படுக்கையோடு இருக்கும் முதியவர், இரவு 10 மணிக்கு வேலை முடித்து வருபவர் ஆகியோருக்குப் பொருத்தமான முறை இது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. அப்படிப்பட்ட நாட்களில்கூட 6 லிட்டர் ஒதுக்கிவிடலாம். பின்பு அதே நீரைக் கழிவறைக்கு ஊற்றலாம்.

40 டிகிரி நீரில் கணுக்காலுக்குமேல் நான்கு விரற்கடை முங்கும்படி 15 நிமிடம் பாதத்தை வையுங்கள். பாதியில் நீர் ஆறினால், காலை வெளியே எடுத்துவிட்டு அரை லிட்டர் சூடான நீர் சேர்த்துக் கலக்கி மறுபடி வையுங்கள். கால் உள்ளே இருக்கும்போது கொதிநீர் ஊற்றுவதால்தான் பல தீக்காயங்கள் நேர்கின்றன. விரலிடுக்குகளை நன்றாகத் துடைக்காவிட்டால் சேற்றுப்புண் வரும்.

இரவில் தலைக்கு ஊற்றலாமா

சளியும் அதோடு வரும் காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. தலைமுடி நனைவதால் வைரஸ் பிறப்பதில்லை. ஆனாலும் பெரியவர்களின் எச்சரிக்கையில் பயனுண்டு. நீண்ட முடி இரவில் காய மூன்று நான்கு மணி நேரம்கூட ஆகும். ஈரத்தோடு படுத்தால் தலையணை நனையும், தலை குளிர்ந்து பாரமாக இருக்கும், உச்சந்தலையில் பூஞ்சை வளர இடம் கிடைக்கும். தூக்கத்துக்கான குளியலில் தலைக்குப் பங்கே இல்லை. வாசல் பாதத்திலும் கையிலும் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே குளித்தாலே பலன் முழுதும் கிடைக்கும். தலைக்கு ஊற்றியே ஆகவேண்டுமானால் மாலை 6 மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சாப்பாடும் விளக்கும்

கூழானாலும் குளித்துக் குடி என்ற பழமொழி இங்கே நேராகப் பொருந்துகிறது. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே செரிமானத்துக்கு ரத்தம் குடலுக்குப் போகும். அதே நேரத்தில் வெந்நீர் அதைத் தோலுக்கு இழுக்கும். முதியவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல் வரக்கூடிய வேளை அது. 10 மணிக்குப் படுப்பவர் 7 மணிக்குச் சாப்பிட்டு 8.30-க்குக் குளிக்கலாம், முடியாவிட்டால் 8 மணிக்குக் குளித்து, இட்லி, இடியாப்பம் போல் எளிதான உணவை அளவாகச் சாப்பிடலாம்.

பல குளியலறைகளில் வெள்ளை வெளேரென்ற கூல் டேலைட் எல்இடி இருக்கிறது. அதன் நீல ஒளி மெலடோனினைத் தடுக்கும். படுப்பதற்கு முந்தைய 3 மணி நேரத்தில் கண்ணில் படும் ஒளி, நீலத்தன்மையைக் கணக்கிட்ட அளவில் 10 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) இருக்க வேண்டும் என்று 2022-இல் ஒளியியல், உறக்கவியல் வல்லுநர்கள் கூடிப் பரிந்துரைத்தார்கள். குளியலறைக்கு 2700 அல்லது 3000 கெல்வின் வார்ம் ஒயிட் பல்பு, 3 முதல் 5 வாட், போதும். வழுக்காமல் தரை தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருக்கட்டும்.

எங்கே தவறுகிறது

1. குளித்தவுடன் படுப்பது. உள்வெப்பம் அப்போதுதான் ஏறியிருக்கும். வியர்த்துப் புரள்பவர்கள் குளியலை அரை மணி முன்னுக்குத் தள்ளினால் பெரும்பாலும் சரியாகும்.
2. சூடு கூடினால் பலன் கூடும் என்று நினைப்பது. 43, 44 டிகிரி நீர் உடலைத் தளர்த்தாது. இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும்.
3. குளித்துவிட்டு மின்னஞ்சல், சண்டை, வீட்டுக்கணக்கு என்று உட்கார்வது. உடல் ஆறும் அந்த ஒரு மணி நேரத்தில் மனமும் ஆற வேண்டும்.
4. நாளுக்கொரு நேரம். கைக்குழந்தைகள், நடை பழகும் குழந்தைகள் பற்றி அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2009-இல் வெளியானது. குளியல், மெல்லத் தடவிவிடுதல், தாலாட்டுப் போன்ற அமைதியான செயல் என்று தினமும் ஒரே வரிசையில் செய்தபோது குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், நடுவில் விழிப்பதும் குறைந்தது. பெரியவர்களுக்கும் ஒரே நேரம், ஒரே வரிசை உதவும். குழந்தைக்கு நீர் 37, 38 டிகிரிக்குமேல் வேண்டாம்.

எச்சரிக்கை தேவைப்படுபவர்கள்

நீரிழிவால் பாத உணர்ச்சி மங்கியவர்கள் சூட்டைக் காலால் சோதிக்கவே கூடாது. முழங்கையாலோ, வீட்டில் இன்னொருவர் கையாலோ பார்க்க வேண்டும். 38 டிகிரியைத் தாண்ட வேண்டாம். பாதத்தில் புண் இருந்தால் ஊறவைக்கவே வேண்டாம். 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இன்னும் விரைவாக.

ரத்த அழுத்த மாத்திரை, நெஞ்சுவலிக்கான நைட்ரேட், புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரை எடுப்பவர்களுக்கு வெந்நீர் அழுத்தத்தை மேலும் இறக்கும். இவர்கள் உட்கார்ந்தே குளிக்கட்டும், கதவை உள்ளே தாழிடாமல் இருக்கட்டும். மது அருந்திய இரவில் வெந்நீர்க் குளியல் கூடாது. ஜப்பானில் குளிர்காலத்தில் தொட்டியில் மயங்கி முதியவர்கள் இறப்பது தொடர்வதால், நீர் 41 டிகிரிக்குள், ஊறுவது 10 நிமிடத்துக்குள் என்று அந்நாட்டின் நுகர்வோர் நல அமைப்பு அறிவுறுத்துகிறது. நாமும் அதை மேல்வரம்பாகக் கொள்வது நல்லது. கருவுற்ற பெண்கள், முதல் மூன்று மாதங்களில் குறிப்பாக, சூடான தொட்டியில் ஊறுவதைத் தவிர்க்க வேண்டும். இளஞ்சூட்டில் வாளிக் குளியல் போதும்.

சாதனங்களைப் பற்றி இரண்டு சொல்லியாக வேண்டும். ராடை பிளாஸ்டிக் வாளியில், நீர் நிரப்பியபின்தான் போட வேண்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கியபின்தான் நீரைத் தொட வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் பாருங்கள். கேஸ் கீசரைக் குளியலறைக்கு உள்ளே வைக்கவே கூடாது. அடைத்த அறையில் அது எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிக்கப் போனவர் கதவுக்குப் பின்னால் மயங்கி இறந்த செய்திகள் நம் நாட்டில் குளிர்காலந்தோறும் வருகின்றன.

இரண்டு வாரம் பார்த்துவிட்டு

குளித்த நேரம், நீரின் சூடு, படுத்த நேரம், தூக்கம் பிடிக்க ஆன நேரம் என்ற நான்கையும் 14 நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் நேரத்தை அரை மணி முன்னோ பின்னோ நகர்த்துங்கள், பிறகு சூட்டை 1 டிகிரி. இரவுப் பணி முடித்துக் காலையில் தூங்குபவர்களும் இதே கணக்கை வைக்கலாம். 9 மணிக்குப் படுப்பதானால் 7.30-க்குக் குளியல், ஜன்னலுக்குத் தடித்த திரை.

வாரத்தில் குறைந்தது மூன்று இரவுகள், மூன்று மாதங்களாகத் தூக்கம் பிடிக்கவில்லை என்றால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மாத்திரை அதற்குப் பிறகுதான். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுதல், படுத்தால் காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும் தவிப்பு ஆகியவை இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.